ஷிப் ஆஃப் தீசியஸ்

ஷிப் ஆஃப் தீசியஸ், ஆனந்த் காந்தி இயக்கிய முதல் முழுநீளத் திரைப்படம். 2012 செப்டம்பரில் டொராண்டோ பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. இந்தியத் திரையரங்குகளுக்கு 2013 ஜூலை 19 அன்று வந்தது. ஆங்கிலம், இந்தி, அரபு, ஸ்வீடிஷ் மொழிகளில் பேசும் இந்தப் படம் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். நட்சத்திரம் கிடையாது, காதல் பாட்டு கிடையாது, சண்டையும் கிடையாது. பாத்திரங்கள் நடந்துகொண்டும் உட்கார்ந்துகொண்டும் தர்க்கம் செய்கிறார்கள். இப்படி ஒரு படத்துக்குப் பெருநகரங்களில் டிக்கெட் வாங்கி வர ஆள் இருந்தார்கள் என்பதால்தான் இந்தியச் சுயாதீன சினிமாவைப் பற்றிப் பேசுபவர்கள் இதைக் குறிப்பிடாமல் போவதில்லை.

தலைப்பு கிரேக்க மரபிலிருந்து வந்தது. புராண வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பாதுகாத்து வந்தார்கள். உளுத்துப்போன பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிய பலகை பொருத்தினார்கள். எல்லாப் பலகைகளும் மாறிய பிறகும் அது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டதைப் புளூடார்க் எழுதிவைத்தார். கப்பல் இருந்த இடத்தில் மனித உடலையும், பலகை இருந்த இடத்தில் கண், கல்லீரல், சிறுநீரகத்தையும் வைத்துப் பார்க்கிறது படம்.

கதை

மூன்று தனிக்கதைகள், மூன்றுக்கும் களம் மும்பை. முதல் கதையின் ஆலியா, பார்வை இழந்த புகைப்படக் கலைஞர். ஒலியையும் தொடுகையையும் நம்பி அவர் எடுக்கும் படங்கள் பாராட்டுப் பெறுகின்றன. கருவிழி மாற்று அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பியதும் கலை கைவிட்டுப் போகிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் தவிக்கிறார். இந்தப் பகுதியின் யோசனை அபாரமானது. ஆனால் ஆங்கில வசனங்கள் சில இடங்களில் மேடைப் பேச்சுபோல விறைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது கதைதான் படத்தின் உயிர். மைத்ரேயர் ஒரு துறவி. சமணத்தை நினைவூட்டும், கற்பனையான ஒரு மரபைச் சேர்ந்தவர். விலங்குகள் மீது மருந்துச் சோதனை நடத்துவதை எதிர்த்து நீதிமன்றத்தில் போராடுபவருக்குக் கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்) நோய் வருகிறது. உயிர் பிழைக்க வேண்டுமானால், தாம் எதிர்க்கும் சோதனைகளின் வழியே வந்த மருந்துகளைத்தான் விழுங்கியாக வேண்டும். முதலில் மறுத்து, உண்ணாமல் உயிர்விடும் நோன்பில் இறங்குகிறார். சமணர்கள் சல்லேகனை என்றும் தமிழ் மரபு வடக்கிருத்தல் என்றும் சொல்வதற்கு நெருக்கமான நோன்பு அது. அவரோடு ஓயாமல் வாதாடுகிறான் சார்வாகன் என்ற இளம் வழக்கறிஞன். பெயரைப் பார்த்தாலே இயக்குநரின் குறும்பு தெரியும்: வரப்போகும் புத்தரின் பெயர் துறவிக்கு, உடலுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்ற உலகாயதரின் பெயர் வக்கீலுக்கு. எறும்பின் நடத்தையையே மாற்றிவிடும் பூஞ்சையைச் சொல்லி, நம் விருப்பங்கள் நம்முடையவைதானா என்று கேட்கிறான் அவன். வாதத்தில் யாரும் யாரையும் மடக்கிவிடுவதில்லை. காற்றாலைகளின் ராட்சத இறக்கைகள் சுழல, அவற்றுக்கு அடியில் வெள்ளுடைத் துறவிகள் வரிசையாக நடந்துபோகும் காட்சி இந்தப் பகுதியில் வருகிறது.

மூன்றாவது கதையின் நவீன், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட பங்குத் தரகர். சமூகப் பணியில் ஊறிய பாட்டிக்கு, பணத்தைத் தவிர வேறெதையும் நினைக்காத பேரன்மீது தீராத குறை. குடல்வால் அறுவைக்குப் போன சங்கர் என்ற கொத்தனாரின் சிறுநீரகம் திருடப்பட்டதை மருத்துவமனையில் அறியும் நவீன், அது யாருக்குப் போனது என்று துப்புத் துலக்கி ஸ்டாக்ஹோம்வரை போகிறார். நியாயம் வாங்கித் தருவதாகக் கிளம்பியவருக்கு முன்னால், சிறுநீரகம் வேண்டாம், பணம் போதும் என்று சங்கர் நின்றுவிடுகிறார். கடைசியில், மூன்று கதைகளையும் ஒரே கொடையாளரின் உடல் இணைக்கிறது. அவரிடமிருந்து உறுப்பு பெற்ற எட்டுப் பேரும் ஓரிடத்தில் கூடி, அவர் குகைக்குள் எடுத்த காணொளியைப் பார்க்கிறார்கள்.

ஆக்கம்

தத்துவம் பேசும் இந்தப் படத்தை எடுத்தவர் பிழைப்பைத் தொடங்கியது மாமியார்-மருமகள் தொடர்களில்: ‘கியோங்கி சாஸ் பி கபி பஹூ தி’க்கு ஆனந்த் காந்தி வசனம் எழுதியிருக்கிறார். பணம் போட்ட சோஹம் ஷாவே நவீனாக நடித்தார். ஆலியாவாக நடித்த ஐடா எல் காஷெஃப் எகிப்தியத் திரைப்பட இயக்குநர். அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது பகிர்ந்தளிக்கப்பட்டது. மைத்ரேயராக வந்த நீரஜ் கபி, நோயின் போக்குக்கு ஏற்ப உடலை உருக்கிக்கொண்டார். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் அந்த உடல் ஒப்பனையால் வந்ததல்ல. ஒளிப்பதிவாளர் பங்கஜ் குமாரின் பணிக்கு டோக்கியோ விழாவில் கலைப் பங்களிப்புக்கான விருது கிடைத்தது. 61-வது தேசிய விருதுகளில் சிறந்த திரைப்படத்துக்கான தங்கத் தாமரையும் இந்தப் படத்துக்கே.

வெளியீடும் நகரப் பார்வையாளர்களும்

டெல்லி சாகேத்தில் 1997-ல் பிவிஆர் அனுபம் என்ற பல்திரை அரங்கம் திறந்ததிலிருந்து இந்தியாவில் மல்டிபிளெக்ஸ்கள் பெருகின. ஆயிரம் இருக்கைகளை நிரப்ப வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. மறு ஆண்டே நாகேஷ் குக்குனூரின் ‘ஹைதராபாத் ப்ளூஸ்’, சுமார் 17 லட்ச ரூபாய் செலவில், நகரத்து ஆங்கிலம் பேசி ஓடிக் காட்டியது. ஆனாலும் அது சிரிப்புப் படம். துறவியின் கல்லீரலைப் பற்றிய படத்துக்கு அந்தச் சலுகை இல்லை. பிரபுதேவா இயக்கிய ‘ராமையா வஸ்தாவையா’வும் ‘டி-டே’வும் வந்த அதே வெள்ளிக்கிழமை, இயக்குநர் கிரண் ராவ் தம் பெயரைக் கொடுத்து வழங்க, யுடிவி நிறுவனம் சில பெருநகரங்களில் மட்டும் இதை வெளியிட்டது. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊருக்கும் படம் வர வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் வாக்களிக்கலாம் என்றார்கள். சுவரொட்டி ஒட்டப் பணமில்லாத படத்துக்கு, பார்க்கத் துடித்தவர்களே விளம்பரமானார்கள்.

கடினமான படம் பார்த்தோம் என்ற பெருமிதம் இந்த வரவேற்பில் கொஞ்சம் கலந்திருந்தது உண்மை. அது மட்டும் காரணமில்லை. புகைப்படக் கலைஞர், வழக்கறிஞர், பங்குத் தரகர் என்று வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பார்வையாளர்களின் அக்கம்பக்கத்தவர்கள். மருத்துவமனை அறையில் காப்பீட்டையும் கடவுளையும் ஒரே மூச்சில் யோசிக்கும் வர்க்கம் அது. சினிமாவில் தன் குழப்பம் இத்தனை கூர்மையாகப் பேசப்பட்டு அந்த வர்க்கம் அதிகம் கேட்டதில்லை. மூன்றாவது கதை அதே வர்க்கத்தைச் செல்லமாகக் குட்டவும் செய்கிறது. கொத்தனாரின் வீட்டைத் தேடிப்போகும் நவீனும் பருத்த நண்பரும் ஆள் நுழைய முடியாத சந்துகளில் திணறும்போது அரங்கம் சிரிக்கிறது. சங்கர் பணத்தைத் தேர்ந்ததும், உதவப் போன நல்லெண்ணம் யாருடைய திருப்திக்காக என்ற கேள்வி இருக்கைக்கு வந்துசேர்கிறது. இதை மேட்டுக்குடிப் படம் என்று ஒதுக்கியவர்கள் இந்த இடத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

படத்தை எடுத்த கூட்டம் பிறகும் சேர்ந்து வேலை செய்தது. சார்வாகனாக நடித்த வினய் சுக்லா, குஷ்பூ ராங்காவோடு சேர்ந்து அரவிந்த் கேஜ்ரிவாலைப் பற்றிய ‘ஆன் இன்சிக்னிஃபிகன்ட் மேன்’ ஆவணப்படத்தை இயக்க, ஆனந்த் காந்தி தயாரித்தார். சோஹம் ஷா, ஆனந்த் காந்தி, பங்கஜ் குமார் மூவரும் 2018-ல் வந்த ‘தும்பாட்’ திகில் படத்தில் இணைந்தார்கள். அது 2024-ல் மறுவெளியீடு கண்டபோது, முதல் வெளியீட்டில் ஈட்டியதைவிட அதிகம் வசூலித்தது.