வெண்டைக்காயும் சர்க்கரை நோயும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

வெண்டைக்காய் நல்ல உணவு. ஆனால் அது சர்க்கரை நோய்க்கான மருந்துக்கு மாற்று அன்று. எர்ணாவூர், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளிலிருந்து புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் சிலர், மாத்திரையை நிறுத்திவிட்டு வெண்டைக்காய் ஊறவைத்த நீரை மட்டும் காலையில் அருந்திவந்ததாகக் கூறுகின்றனர். இப்பழக்கம் ஏன் ஆபத்தானது என்பதையும், வெண்டைக்காயைப் பயனுள்ள முறையில் உண்பது எவ்வாறு என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

தாவரம்

வெண்டை, பருத்தி, செம்பருத்தி, துத்தி, புளிச்சகீரை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த செடியாகும். இதன் மலர் மஞ்சள் நிறமும் நடுவில் கருஞ்சிவப்பும் கொண்டது. விதைத்த ஏறத்தாழ 45 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். மலர்ந்த சில நாட்களிலேயே காயைப் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் நார் முற்றிவிடும். சந்தையில் காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பது இதனை அறிவதற்கே. எளிதில் ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்.

சத்துகள்

100 கிராம் பச்சை வெண்டைக்காயில் ஏறத்தாழ 33 கலோரி ஆற்றலும், 7 கிராம் மாவுச்சத்தும், 3 கிராம் நார்ச்சத்தும், 300 மில்லிகிராம் பொட்டாசியமும், 80 மில்லிகிராம் கால்சியமும் உள்ளன. வைட்டமின் சி, வைட்டமின் கே, ஃபோலேட் ஆகியவையும் உண்டு. கையில் ஒட்டும் வழுவழுப்பு, நீரில் கரையும் நார்ச்சத்தால் உண்டாவது. இது மலச்சிக்கலைக் குறைக்க உதவும். வெண்டைக்காய் உண்டால் கணக்கு நன்றாக வரும் என்று வீடுகளில் கூறுவதுண்டு. அதற்கு அறிவியல் சான்று இல்லை.

கருவுற்ற தாய்மார்களுக்கு இதிலுள்ள ஃபோலேட் நன்மை தரும். எனினும் சுகாதார நிலையத்தில் வழங்கப்படும் இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

இரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா?

கரையும் நார்ச்சத்து, உணவிலுள்ள சர்க்கரை குடலிலிருந்து இரத்தத்தில் சேரும் வேகத்தை மட்டுப்படுத்துகிறது. சிறிய அளவிலான சில ஆய்வுகளில், வழக்கமான சிகிச்சையுடன் வெண்டைக்காயையும் எடுத்துக்கொண்டவர்களின் வெறும்வயிற்றுச் சர்க்கரை ஓரளவு குறைந்துள்ளது. மருந்தை நிறுத்துவதற்கு இது சான்றாகாது.

நடைமுறையில் கிடைக்கும் பெரிய நன்மை வேறு. தட்டில் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் வெண்டைக்காய்ப் பொரியலை வைத்தால் மாவுச்சத்து குறையும்; வயிறும் நிறையும். வழக்கமான அளவு சோற்றுடன் கூடுதலாகப் பொரியலையும் உண்டால் இப்பயன் கிட்டாது.

வெண்டைக்காய் நீரும் மெட்ஃபார்மினும்

எலிகளில் நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், வெண்டைக்காயின் நீரில் கரையும் பகுதியை மெட்ஃபார்மினுடன் சேர்த்துக் கொடுத்தபோது, அம்மருந்து உடலில் சேர்வது குறைந்தது. மனிதரிலும் அவ்வாறே நிகழும் என்று இதைக்கொண்டு முடிவு செய்ய இயலாது. எனினும் மாத்திரையை வெண்டைக்காய் நீருடன் விழுங்குவதைத் தவிர்த்து, சாதாரண நீருடன், மருத்துவர் கூறியபடி உணவோடு உட்கொள்வதே பாதுகாப்பானது. குழம்பிலும் பொரியலிலும் அளவாக உண்பதற்குத் தடை இல்லை.

மாத்திரையை நிறுத்தியவுடன் உடலில் எந்த வேறுபாடும் தெரியாமல் இருக்கலாம். வாரக்கணக்கில் நலமாக இருப்பதாகவே தோன்றும். அக்காலத்திலும் உயர்ந்த சர்க்கரை, கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்புகள் ஆகியவற்றைப் பாதித்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் ஏற்கெனவே மாத்திரையை நிறுத்தியிருந்தால் அச்சமோ தயக்கமோ இன்றி மருத்துவரிடம் கூறுங்கள். விட்டுப்போன மாத்திரைகளைச் சேர்த்து விழுங்காதீர்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் அளவை முடிவு செய்வார். வெறும்வயிற்றுப் பரிசோதனைக்கு வரும் நாளில் சாதாரண நீர் மட்டுமே அருந்த வேண்டும்.

துறைமுகம், தொழிற்சாலை, கன்டெய்னர் லாரி ஆகியவற்றில் முறைமாற்றி வேலை செய்வோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் வெண்டைக்காய் நீரைக் குடித்துவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். நடுக்கம், வியர்வை, குழப்பம் தோன்றினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐ அழைக்கவும்.

யார் அளவோடு உண்ண வேண்டும்?

• சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர், டயாலிசிஸ் செய்துகொள்வோர்: பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். உண்ணும் அளவை மருத்துவரிடம் கேட்டறியவும். காயை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும். ஊறவைத்த நீரை இவர்கள் அருந்தவே கூடாது.

• ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் உள்ளோர்: வெண்டைக்காயில் ஆக்சலேட் உள்ளது. நாள்தோறும் உண்பதைத் தவிர்த்து, போதிய நீர் அருந்தவும்.

• வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் உட்கொள்வோர்: வைட்டமின் கே இம்மருந்துகளின் செயலைக் குறைக்கும். வெண்டைக்காயை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. உண்ணும் அளவை வாரந்தோறும் ஒரே சீராக வைத்திருக்கவும்.

• உயர் இரத்த அழுத்தம் உள்ளோர்: காய் நல்லது, உப்பிட்டு உலர்த்திய வெண்டை வற்றல் நல்லதன்று.

வாங்குதலும் சமைத்தலும்

காயை முழுதாக ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் நறுக்கவும். இதனால் வழுவழுப்பு குறையும். புளியோ தயிரோ சேர்த்தாலும் குறையும். மிகுந்த எண்ணெயில் பொரித்தால் காய் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். சாம்பார், மோர்க்குழம்பு, குறைந்த எண்ணெயில் வதக்கிய பொரியல் ஆகியவை ஏற்றவை.

காய் இயல்புக்கு மாறான அடர்பச்சையாக இருந்தால், லிக்விட் பாரஃபினில் நனைத்த பஞ்சால் அதன் மேற்புறத்தைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பச்சையானால் சாயம் பூசப்பட்டிருக்கலாம். அதனை உண்ணாமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கவும்.

வீட்டில் வளர்ப்போர் கவனத்திற்கு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துடன் பரவிய எண்ணெய்க் கழிவு, எண்ணூர் கழிமுகத்தையும் எர்ணாவூர்க் குடியிருப்புகளையும் பாதித்தது. தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையச் சாம்பலும் சூழ்ந்த இப்பகுதியில், கால்வாய்க் கரை மண்ணிலும் கால்வாய் நீரிலும் காய்கறி வளர்க்க வேண்டாம். மாடியில் வளர்ப்புப் பைகளில் தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், வெளியிலிருந்து வாங்கிய மண் ஆகியவற்றை இட்டு, நல்ல நீர் ஊற்றி வளர்க்கலாம். செடியின் சுணை தோலில் அரிப்பை உண்டாக்கலாம். பறிக்கும்போது கையுறை அணியவும்.

பராமரிப்பாளர்களுக்கு

வீட்டிலுள்ள முதியோர் கைம்மருந்து ஏதேனும் எடுத்துக்கொள்கிறார்களா என்பதைக் கடிந்துகொள்ளாமல் கேட்டறியுங்கள். கடிந்தால் மறைப்பார்கள், மறைத்தால் மருத்துவர் தவறான அளவில் மருந்து எழத நேரிடும். மாதக் கடைசியில் மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள். மாத்திரைகள் மீந்திருந்தால் காரணம் கேளுங்கள். மாத்திரை வாங்கச் செல்ல இயலாமை காரணமாக இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் சர்க்கரை நோய், இரத்த அழுத்த மாத்திரைகள் இல்லத்திற்கே வழங்கப்படுகின்றன. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யவும்.

மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் ஆகியவற்றுடன் வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் தாமதிக்காமல் 108ஐ அழைக்கவும். பிற ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணைத் தொடர்புகொள்ளலாம்.