பேர் போடாத கவிதை

பெரிய கவிஞரின் பேரைப் பார்த்ததும் 'ஆகா!' என்கிறோமே... பேரை மறைத்துவிட்டால்?

1920-களில், கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் நடத்திய ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் இந்தக் குறும்பைச் செய்து பார்த்தார். மாணவர்களிடம் கவிதைகளை நீட்டினார். எழுதியவர் பேர் கிடையாது. 'ஒரு வாரம் வைத்துப் படியுங்கள். மனசில் பட்டதை எழுதுங்கள். உங்கள் பேரும் வேண்டாம்!'

வந்த தாள்களைப் பார்த்தால் தலைசுற்றல்! ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்ற ஜாம்பவான்களையே பலர் 'சுமார்' என்று தள்ளியிருந்தார்கள். சாதாரணக் கவிதைக்கு சபாஷ்! லாங்ஃபெல்லோவுக்கோ செம உதை.

ரிச்சர்ட்ஸ் சிரிக்கவில்லை. எங்கே இடறினார்கள் என்று பட்டியல் போட்டார். நேர்ப்பொருளே புரியாதது, சொந்த ஞாபகத்தைக் கவிதைமேல் ஏற்றுவது, ரெடிமேட் உணர்ச்சி, படிக்கும் முன்பே தீர்ப்பு... 13 கவிதைகளும் மாணவர் குறிப்புகளுமாக 1929-ல் 'பிராக்டிகல் கிரிட்டிசிஸம்' வெளிவந்தது.

பிரிட்டனில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. இலக்கியத் தேர்வில் இன்றும் 'முன்பின் பார்க்காத கவிதை' உண்டு. பேனாவும் கையுமாக, வரிக்கு வரி அடிக்கோடு போட்டு, தானே அர்த்தம் தேட வேண்டும்.

நான் காமர்ஸ் மாணவன். செய்யுள் என்றால் முதலில் நோட்ஸைத்தான் திறப்பேன். ஒரு தடவையாவது அதை மூடி வைத்திருக்கலாம். செய்யுள் புரிந்திருக்குமோ, என்னவோ... எனக்கு எது புரியவில்லை என்றாவது தெரிந்திருக்கும்!