பொதுப்படைப் பதற்றக் கோளாறு

குறிப்பிட்ட ஒரு பொருளையோ சூழலையோ மட்டும் பற்றாமல், உடல்நலம், பணம், பிள்ளைகளின் எதிர்காலம், வேலைப் பொறுப்பு எனப் பலவற்றின் மீதும் மாறிமாறிப் படர்ந்து, அடக்க முயன்றாலும் அடங்காமல் நீடிக்கும் மிகைக்கவலையை முதன்மை அறிகுறியாகக் கொண்ட மனநலக் குறைபாடு பொதுப்படைப் பதற்றக் கோளாறு எனப்படும். இக்கவலை குறைந்தது 6 மாதங்கள் பெரும்பாலான நாள்களில் இருப்பதோடு, நிலைகொள்ளாமை, எளிதில் களைத்தல், கவனம் குவியாமை, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் குலைவு ஆகிய ஆறில் மூன்றேனும் உடனிருக்க வேண்டும் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு வரையறுக்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது.

சிக்மண்ட் பிராய்டு 1895-இல் பதற்ற நரம்புநோய் என்று தனித்துக் காட்டிய நிலையை, அக்கையேட்டின் மூன்றாம் பதிப்பு 1980-இல் திடீரெனத் தாக்கி அடங்கும் பீதிக் கோளாறு என்றும், தாழ்ந்த அளவில் ஓயாது தொடரும் பொதுப்படைப் பதற்றம் என்றும் இரண்டாகப் பிரித்தது. பிற கோளாறுகள் எவற்றிலும் அடங்காதவர்களுக்கான மிச்சப் பிரிவாகவே தொடக்கத்தில் இது கருதப்பட்டது. 1987-ஆம் ஆண்டுத் திருத்தம் கவலையை இதன் மையமாக வைத்து, கால வரம்பையும் ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதமாக உயர்த்திய பின்னரே இதற்குத் தனி உருவம் வாய்த்தது.

துன்பம் தரும் கவலையை மனம் ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறது என்பதே இக்கோளாற்றைப் புரிந்துகொள்வதற்குரிய அடிப்படைக் கேள்வியாகும். அமெரிக்க உளவியலர் தாமஸ் போர்கோவெக், கவலை பெரும்பாலும் காட்சிகளாக அன்றிச் சொற்களாகவே மனத்துள் ஓடுவதால், அஞ்சும் காட்சியை நேர்கொள்வதினின்று அது தற்காலிகமாகத் தப்புவிக்கிறது என்று விளக்கினார். அஞ்சியவற்றுள் பெரும்பாலானவை நிகழாமலே போவதால், கவலைப்பட்டதால்தான் கேடு விலகியது என்ற நம்பிக்கையும் வேரூன்றுகிறது. கனடாவைச் சேர்ந்த மிஷேல் டூகா முதலியோர், முடிவு தெரியாத நிலையைத் தாங்கிக்கொள்ள இயலாமையை முதற்காரணமாகக் கருதினர். பலமுறை சரிபார்ப்பதும், பிறரிடம் உறுதிமொழி கேட்டுக்கொண்டே இருப்பதும் இவ்வியலாமையின் வெளிப்பாடுகளே. மரபுக்கூறும் இளமைத் துயரங்களும் இதற்குரிய சாய்வை உண்டாக்கலாம்.

நோயாளிகள் பலர் கவலையைச் சொல்லாமல் தலைவலி, கழுத்துவலி, வயிற்றுக் கோளாறு, தூக்கமின்மை ஆகியவற்றுக்காகவே பொதுமருத்துவரை நாடுவதால், நோய் ஆண்டுக்கணக்கில் அறியப்படாமல் போகிறது. இதைக் குணக்குறை என்றும் கோழைத்தனம் என்றும் குடும்பத்தார் கொள்வது இத்தாமதத்தை மேலும் நீட்டிக்கும் பெருந்தீங்காகும். 2006-இல் வெளியான, ஏழு வினாக்கள் கொண்ட சோதனைத்தாளில் 21-க்கு 10 அல்லது அதற்கு மேல் பெறுவோரை விரிவாக ஆராய்வது வழக்கம். தைராய்டு மிகைச்சுரப்பும், அளவு மீறிய காபியும், சில மருந்துகளும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால் அவற்றையும் மருத்துவர் ஆராய்வார்.

சிகிச்சையில் சான்று வலுவாக உள்ள உளவியல் முறை, எண்ணத்தையும் செயலையும் ஒருங்கே திருத்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையாகும். தீர்வு காணத்தக்க சிக்கலையும் வெறும் கற்பனைக் கேட்டையும் பிரித்தறிவது, கவலைக்கென நாளில் ஒரு நேரத்தை ஒதுக்குவது, சரிபார்க்காமல் ஒரு கடிதத்தை அனுப்புவது போன்ற சிறு செயல்களால் உறுதியின்மைக்குப் பழகுவது, தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஆகியன இதில் இடம்பெறும். வெறுமனே ‘கவலைப்படாதே’ என்று ஆறுதல் கூறுவது, மேலே கண்ட காரண விளக்கங்களின்படி, நோயாளி தேடும் உறுதிமொழியை மீண்டும் வழங்குவதாகவே முடியும்.

மருந்துகளுள் எசிட்டலோபிராம், செர்ட்ராலின், டுலோக்செட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவை முதன்மையானவை. இவற்றின் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி இடையில் நிறுத்திவிட நேரும். 1963-இல் விற்பனைக்கு வந்த டயாசிபாமும் அதன் வகை மருந்துகளும் உடனடி அமைதி தந்தாலும், பழக்கத்துக்கு அடிமையாக்கும் இயல்புடையவை ஆதலால், நெருக்கடியில் குறுகிய காலத்துக்கு மட்டுமே தரப்படுகின்றன. குணம் தெரிந்த பின்னும் முதன்மை மருந்துகளை ஏறத்தாழ ஓராண்டு தொடர்ந்து, பின்னர் மருத்துவரின் மேற்பார்வையில் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.