ஒளியால் செயற்படும் உலோக மருந்துகள்: ஒரு வரலாறு

இருளில் பெரிதும் அடங்கியிருந்து, ஒளி பட்டதும் புற்றுநோய் உயிரணுக்களைக் கொல்லும் உலோகச் சேர்மங்கள் இன்று ஆராயப்படுகின்றன. உலோக மருந்து, ஒளிச் சிகிச்சை என்ற இரு தனி வழிகளின் சந்திப்பில் இத்துறை பிறந்தது.

உலோகத்தின் வழி

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுவோர் போர்டோ கலவையை அறிவர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த இக்கலவையிலுள்ள செம்பு பூஞ்சணத்தைத் தடுக்கிறது. அளவு மீறினால் கொடியின் இலையும் கருகும். புற்றுநோய் மருத்துவத்திலும் இதே சிக்கல் எழுந்தது. பிளாட்டினச் சேர்மங்கள் பாக்டீரியாவின் பிரிவைத் தடுப்பதை அமெரிக்க ஆய்வாளர் பார்னெட் ரோசன்பர்க் 1965இல் அறிவித்தார். அவற்றுள் ஒன்றான சிஸ்பிளாட்டின் 1978இல் அமெரிக்காவில் மருந்தாக ஒப்புதல் பெற்றது. அது பலரைக் காத்தது. ஆனால் சிறுநீரகம், செவி, நரம்பு ஆகியவற்றையும் பாதித்தது.

ஒளியின் வழி

மருந்து எங்கே வேலை செய்யவேண்டும் என்பதை ஒளியால் குறிக்கலாம் என்ற எண்ணம் இதைவிடப் பழையது. அக்ரிடின் சாயம் கலந்த நீரிலுள்ள பரமீசியங்கள் வெளிச்சத்தில் விரைவாக மடிவதை மியூனிக்கில் ஆஸ்கர் ராப் கண்டு, 1900இல் வெளியிட்டார். ஒளியை உறிஞ்சும் மருந்து அருகிலுள்ள ஆக்சிசனை வீரியமிக்க வடிவாக மாற்றுகிறது. அது உயிரணுவைச் சிதைக்கிறது. இதுவே ஒளியியக்கச் சிகிச்சை. இவ்வகையில் உலோகமற்ற போட்டோஃபிரின் 1993இல் கனடாவில் ஒப்புதல் பெற்றது.

பெங்களூரு ஆய்வுகள்

இந்தியாவில் இவ்விரு வழிகளையும் இணைத்தவர்களுள் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அகில் சக்ரவர்த்தி முக்கியமானவர். செம்பு, இரும்பு, வனேடியம் முதலிய உலோகச் சேர்மங்கள் ஒளியில் டி.என்.ஏ.வை வெட்டுவதை அவரது குழு ஆராய்ந்தது. மஞ்சளிலுள்ள குர்குமின் நீரில் விரைவில் சிதைவது அதன் மருத்துவப் பயனுக்குத் தடை. 2015இல் அக்குழு அதைப் பிளாட்டினத்துடன் பிணைத்து நிலைப்படுத்தியது. ஒளி பட்டதும் குர்குமின் விடுபட்டு உயிரணுவைத் தாக்க, எஞ்சிய பிளாட்டினப் பகுதி டி.என்.ஏ.வைப் பற்றியது. இது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் கண்ட முடிவு. மஞ்சள் உண்டு வெயிலில் நிற்பது இதற்கு ஈடாகாது.

இன்றைய நிலை

பல்லேடியம் கொண்ட படெலிபோர்ஃபினுக்கு, இடர் குறைந்த முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய்க்காக ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு ருத்தேனியச் சேர்மமான டி.எல்.டி.1433, சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளிடம் கனடாவில் சோதிக்கப்பட்டது.

தடைகள் இரண்டு. சிவப்பொளியும் திசுவுக்குள் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எளிதில் செல்வதில்லை; ஆழத்திலுள்ள கட்டிக்கு ஒளியிழை தேவை. மேலும், வேகமாக வளரும் கட்டிகளின் உட்பகுதியில் ஆக்சிசன் குறைவு. அதனால் ஆக்சிசன் இல்லாமலே ஒளியில் செயற்படும் பிளாட்டினச் சேர்மங்களைப் பிரித்தானியாவில் பீட்டர் சாட்லர் குழு உருவாக்கியது. இத்தகைய சேர்மங்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வகத்தைக் கடக்கவில்லை. நோயாளிகள் நடப்பிலுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போட இவை காரணமாகக் கூடாது.