குலச்சின்னமும் வழிபாட்டு மொழியும்

1413ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், பூக் ஆற்றங்கரையில் உள்ள ஹொரோட்வோ என்னும் ஊரில் புதுமையான உறவு ஒன்று எழுதி முத்திரையிடப்பெற்றது. போலந்தின் பிரபுக்குலங்கள், லித்துவேனியாவின் கத்தோலிக்க நிலக்கிழார் குடும்பங்கள் நாற்பத்தேழினைத் தம் குலச்சின்னங்களுக்கு உரியவையாக ஏற்றுக்கொண்டன. போலந்துப் பிரபுக்களிடையே இரத்த உறவில்லாத பல குடும்பங்களும் ஒரே கேடயச் சின்னத்தின் கீழ் ஒரு குலமாக நின்றன. ஆதலின், சின்னத்தைக் கொடுத்தல் என்பது உடன்பிறப்பாக்குதலே ஆகும். அவ்வாவணம் அன்பின் பெருமையைப் போற்றித் தொடங்குகிறது. அரசியல் உடன்படிக்கை ஒன்றுக்கு இதனினும் கவித்துவமான தோற்றுவாய் அரிது.

லித்துவேனிய மன்னன் யொகாய்லா 1386இல் திருமுழுக்குப் பெற்று, போலந்தின் அரசி யாட்விகாவை மணந்து அந்நாட்டு அரியணை ஏறியதன் தொடர்ச்சியே இது. சின்னத்தோடு நில உரிமையும் சலுகைகளும் வந்தன. காலப்போக்கில் போலந்து மொழியும் வந்தது. 1569இல் லூப்ளினில் இரு நாடுகளும் ஒரே குடியரசாயின. 1697இல் லித்துவேனியப் பெருங்கோமகவத்தின் ஆவண மொழியாகப் போலந்து மொழி அமைந்தது. எவரும் வாளெடுத்து லித்துவேனிய மொழியை மாளிகைகளினின்று விரட்டவில்லை. மேன்மக்கள் தாமே அதனை உழவர் வாயில் விட்டுவிட்டு அகன்றனர். மிட்ஸ்கியேவிச் தம் பெருங்காவியத்தை 1834இல் வெளியிட்டபோது லித்துவேனியாவையே தாயகமாக விளித்துத் தொடங்கினார். அவ்விளியோ போலந்து மொழியில் அமைந்தது.

உழவர் மொழிக்கு அச்சுநூல் வாய்த்தது 1547இல். அயல்நாடான பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் மாஷ்வீடாஸ் வெளியிட்ட மறைக்கல்வி நூலே அது. அதன் செய்யுட் பாயிரத்தில் நூலே வாய்திறந்து மக்களிடம் பேசுகிறது. அப்பாயிர அடிகளின் முதலெழுத்துகளுக்குள் ஆசிரியர் தம் பெயரைப் பொதிந்து வைத்தார். 1938இல் அதனைக் கண்டறிந்தவர் சஃபரேவிச் என்னும் போலந்து அறிஞர் என்பது சுவையான செய்தி.

உருசியப் பேரரசு 1864 முதல் 1904 வரை லத்தீன் எழுத்தில் லித்துவேனிய மொழியை அச்சிடத் தடை விதித்தது. நூல்களை எல்லை கடந்து மூட்டையில் சுமந்து வந்தோர் சிறைப்பட்டனர். சிலர் உயிரும் இழந்தனர். இதே காலத்தில்தான் வறுமையால் உந்தப்பட்ட உழவர் பலர் அமெரிக்காவின் பென்சில்வேனிய நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். தாயகத்தில் தடைசெய்யப்பட்ட எழுத்தில் 1879இல் நியூயார்க்கில் ஒரு செய்தித்தாள் வெளிவந்தது.

ஷெனான்டோவா என்னும் சுரங்க ஊரில் லித்துவேனியரும் போலந்து நாட்டினரும் 1870களில் ஒன்றுகூடி எழுப்பிய ஆலயத்துக்குப் புனித காசிமிரின் பெயரையே இட்டனர். வேறு எப்பெயர் பொருந்தும்? காசிமிர் யொகாய்லாவின் பேரன், கிராக்கோவில் பிறந்தவர், வில்னியுஸில் அடக்கம் செய்யப்பட்டவர், இரு மக்களுக்கும் உரியவர். ஆயினும் மறையுரை எம்மொழியில், பாடல் எம்மொழியில் என்ற வினா எழுந்தவுடன் அப்பொதுமை நிலைக்கவில்லை. பிணக்கு முற்றி, லித்துவேனியர் பிரிந்து சென்று புனித ஜார்ஜின் பெயரால் தமக்கென ஓர் ஆலயம் எழுப்பினர். பிரபுக்கள் கௌரவத்தின் பொருட்டு விட்ட மொழிக்காகச் சுரங்கத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து காசு சேர்த்துக் கல் அடுக்கினர்.

சுரங்கங்கள் ஓய்ந்தன, பேரப்பிள்ளைகள் ஆங்கிலம் பேசினர். புனித ஜார்ஜ் ஆலயம் 2006இல் மூடப்பட்டது. பங்கு மக்கள் எதிர்த்து நின்றும், 2010இல் அது இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது.