கோசி: கரைக்குள் உயர்ந்த ஆறு

வெள்ளம்னா நாம முதல்ல கேக்கறது "எவ்வளவு மழை?" என்றுதான். கோசி ஆற்றைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வியே போதாது என்று தோன்றியது.

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசகா என்ற இடத்தில் கோசியின் கிழக்குக் கரை உடைந்தது. அப்போது ஆற்றில் ஓடியது விநாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. சற்றுக் கீழே உள்ள தடுப்பணையோ 9.5 லட்சம் கன அடிக்காகக் கட்டியது. 1968 அக்டோபரில் இதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் தண்ணீர் வந்திருக்கிறது. ஆக, ஆறில் ஒரு பங்கு தண்ணீருக்கே கரை போச்சு. ஆறு சுமார் 120 கி.மீ. கிழக்கே தள்ளிப் பாய்ந்தது. பீகாரில் 30 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். மதேபுரா பக்கம் இருந்தவர்கள் பலர் வெள்ளத்தையே எதிர்பார்க்காதவர்கள்.

எல்லாம் வண்டல் செய்கிற வேலை. சுன் கோசி, அருண், தமூர் மூன்றும் இமயமலையைக் கரைத்துக்கொண்டு வந்து ஒன்றாகி, சத்ராவில் சமவெளியில் இறங்குகின்றன. சரிவு சட்டென்று குறைவதால் மண்ணைச் சுமக்க ஆற்றுக்குத் தெம்பு இருப்பதில்லை, அங்கேயே போட்டுவிடுகிறது. படுகை மேடானதும் பள்ளம் தேடி வேறு பாதைக்குப் போகும். 18ஆம் நூற்றாண்டில் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு இப்படித்தான் மேற்கே நகர்ந்து வந்தது.

1950களின் கடைசியில் இருபுறமும் கரை கட்டி அதை நிறுத்தினார்கள். பரந்து படிந்த மண் இரண்டு கரைகளுக்குள் குவிய ஆரம்பித்தது. சில இடங்களில் ஆற்றுப்படுகை வெளியே உள்ள வயல்களைவிட உயரம். லாக் ஃபைல் நிரம்பி சர்வர் படுத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அன்றைய டிராஃபிக்கைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

இது யாருக்கும் தெரியாமலும் இல்லை. 1937-இல் பாட்னாவில் நடந்த வெள்ள மாநாட்டிலேயே, பீகாரின் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரைகள் வேண்டாம் என்று வாதாடினார். 1950களின் தொடக்கத்தில் பீகாரில் சுமார் 160 கி.மீ. கரை இருந்தது, வெள்ள அபாயப் பரப்பு 25 லட்சம் ஹெக்டேர். பிறகு கரை 3,400 கி.மீ.யைத் தாண்டியது, அபாயப் பரப்பு 68 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. கணக்கெடுக்கும் முறை மாறியிருக்கலாம்தான். அப்படியே வைத்துக்கொண்டாலும் குறையவில்லையே!

2009 ஜனவரியில் குசகா உடைப்பை அடைத்து, ஆற்றைத் திரும்ப அதே கரைகளுக்குள் விட்டார்கள். 2024 செப்டம்பர் கடைசியில் தடுப்பணையில் 6.61 லட்சம் கன அடி வந்தது, 1968-க்குப் பிறகு அதுதான் அதிகம். இந்த முறை தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது.