2003 உலகத் தடகளப் போட்டிகள்

2003 உலகத் தடகளப் போட்டிகள் 2003 ஆகஸ்ட் 23 முதல் 31 வரை பிரான்ஸின் பாரிஸ் நகரை அடுத்துள்ள சென்-டெனியில் நடைபெற்றன. இது உலகத் தடகளப் போட்டித் தொடரின் ஒன்பதாவது பதிப்பாகும். இந்தியா இத்தொடரில் தனது முதற் பதக்கத்தை இப்போட்டியிலேயே வென்றது. ஊக்கமருந்துப் பயன்பாடு காரணமாகப் பல பதக்கங்கள் பின்னர் பறிக்கப்பட்டதால், போட்டி முடிந்த நாளில் அறிவிக்கப்பட்ட முடிவுகளும் இன்றைய அதிகாரபூர்வ முடிவுகளும் வேறுபடுகின்றன.

அரங்கு

1998 உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகக் கட்டப்பட்ட பிரான்ஸின் தேசிய விளையாட்டரங்கில் போட்டிகள் நடைபெற்றன. போட்டியை நடத்திய நாடான பிரான்சுக்குப் பெண்கள் நீளம் தாண்டுதலில் யூனிஸ் பார்பரும் (6.99 மீ), பெண்கள் 4x100 மீ தொடரோட்ட அணியும் (41.78 நொடி) தங்கம் பெற்றுத் தந்தனர்.

குறிப்பிடத்தக்க முடிவுகள்

* ஆண்கள் 100 மீ: கரீபியன் தீவு நாடான செயின்ட் கிட்ஸ் நெவிஸைச் சேர்ந்த கிம் காலின்ஸ் 10.07 நொடியில் தங்கம் வென்றார். டிரினிடாட் டொபாகோவின் டாரெல் பிரவுனும் பிரித்தானியாவின் டேரன் கேம்பலும் 10.08 நொடியில் ஓடி முறையே வெள்ளி, வெண்கலம் பெற்றனர்.
* ஆண்கள் 5000 மீ: கென்யாவின் எலியுட் கிப்சோகி (12:52.79), மொரோக்கோவின் ஹிசாம் எல் கெரூஜ் (12:52.83), எத்தியோப்பியாவின் கெனனிசா பெக்கெலே (12:53.12) ஆகியோர் முதல் மூன்று இடங்களைப் பெற்றனர். எல் கெரூஜ் 1500 மீட்டரிலும், பெக்கெலே 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர்.
* ஆண்கள் 50 கி.மீ நடை: போலந்தின் ராபர்ட் கொர்செனியோவ்ஸ்கி 3:36:03 நேரத்தில் புதிய உலகச் சாதனை படைத்தார்.
* பெண்கள் ஏழு விளையாட்டுப் போட்டி: சுவீடனின் கரோலினா குளுஃப்ட் 7001 புள்ளிகளுடன் வென்றார். இப்போட்டியில் 7000 புள்ளிகளைக் கடந்த மூன்றாவது பெண் இவர்.

ஆசிய நாடுகள்

ஆகஸ்ட் 30 அன்று நடைபெற்ற பெண்கள் நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டியில் கேரளத்தைச் சேர்ந்த அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீ தாண்டி வெண்கலம் வென்றார். வெள்ளி வென்ற ரஷ்யாவின் தத்தியானா கோத்தொவா தாண்டியது 6.74 மீ ஆகும். உலகத் தடகளப் போட்டிகளில் இந்தியாவுக்கு அடுத்த பதக்கம் 19 ஆண்டுகளுக்குப் பின்னரே கிடைத்தது. 2022 இல் ஈட்டி எறிதலில் வெள்ளி வென்ற நீரஜ் சோப்ரா, 2023 இல் தங்கம் வென்றார்.

ஆண்கள் 200 மீட்டரில் ஜப்பானின் சிங்கோ சுயெட்சுகுவும், 110 மீ தடை தாண்டும் ஓட்டத்தில் சீனாவின் லியூ சியாங்கும் வெண்கலம் வென்றனர். 3000 மீ தடையோட்டத்தில் கத்தாரின் சயீப் சயீத் சாகீன் தங்கம் வென்றார். கென்யாவில் பிறந்து ஸ்டீபன் செரோனோ என்ற பெயரில் ஓடிவந்த இவர், இப்போட்டிக்குச் சில வாரங்கள் முன்னரே கத்தார் குடியுரிமை பெற்றிருந்தார்.

மாற்றப்பட்ட பதக்கங்கள்

பெண்கள் 100 மீ, 200 மீ ஆகிய இரண்டிலும் ஐக்கிய அமெரிக்காவின் கெல்லி வைட் முதலிடம் பெற்றார். தூக்கக் கோளாறுக்கு அளிக்கப்படும் மோடாபினில் என்ற மருந்து அவரது சோதனை மாதிரியில் கண்டறியப்பட்டது. 2004 இல் ஊக்கமருந்து பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டு இரண்டு ஆண்டுத் தடையை ஏற்றதால் இரு தங்கங்களையும் இழந்தார்.

ஓட்டப் போட்டிகளில் பதக்கம் கைமாறிய முக்கிய நிகழ்வுகள் (தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசையில்):

* பெண்கள் 100 மீ: டோரி எட்வர்ட்ஸ் (அமெரிக்கா), ஜன்னா புளொக் (உக்ரைன்), சந்திரா ஸ்டரப் (பஹாமாஸ்). நீக்கப்பட்டவர்: கெல்லி வைட்.
* பெண்கள் 200 மீ: அனஸ்தாசியா கப்பாச்சின்ஸ்காயா (ரஷ்யா), டோரி எட்வர்ட்ஸ் (அமெரிக்கா), முரியல் உர்த்தி (பிரான்ஸ்). நீக்கப்பட்டவர்: கெல்லி வைட்.
* ஆண்கள் 400 மீ: டைரீ வாஷிங்டன் (அமெரிக்கா), மார்க் ரக்கில் (பிரான்ஸ்), மைக்கேல் பிளாக்வுட் (ஜமெய்க்கா). நீக்கப்பட்டவர்: ஜெரோம் யங் (அமெரிக்கா).
* ஆண்கள் 4x100 மீ: அமெரிக்கா, பிரேசில், நெதர்லாந்து. வெள்ளியை இழந்த அணி: பிரித்தானியா.
* ஆண்கள் 4x400 மீ: பிரான்ஸ், ஜமெய்க்கா, பஹாமாஸ். தங்கத்தை இழந்த அணி: அமெரிக்கா.

தொடரோட்டத்தில் ஒருவர் தகுதி இழந்தாலும் அணியின் முடிவு முழுவதும் நீக்கப்படும். பிரித்தானிய அணியின் டுவைன் சேம்பர்ஸ் டி.எச்.ஜி என்ற ஊக்கமருந்தைப் பயன்படுத்தியது உறுதியானது. அம்மருந்தைக் கண்டறியும் சோதனை முறை 2003 இல்தான் உருவாக்கப்பட்டது. இதனால் குற்றமற்ற மற்ற மூவரும் வெள்ளியை இழந்தனர். அவர்களுள் 100 மீட்டரில் வெண்கலம் வென்ற டேரன் கேம்பலும் ஒருவர். 4x400 மீட்டரில் கால்வின் ஹாரிசன் விதிமீறியதால் அமெரிக்க அணி தகுதி இழந்தது. அவ்வணியில் ஓடிய டைரீ வாஷிங்டன் தொடரோட்டத் தங்கத்தை இழந்தார். ஜெரோம் யங் நீக்கப்பட்டதால் 400 மீ தங்கத்தைப் பெற்றார்.

4x400 மீட்டரில் அமெரிக்காவின் நேரம் 2:58.88, பிரான்ஸின் நேரம் 2:58.96. சொந்த மண்ணில் 0.08 நொடியில் தங்கத்தைத் தவறவிட்ட பிரான்ஸ் அணி, அரங்கில் வெள்ளியையே பெற்றது. தங்கம் பின்னரே அதற்கு வழங்கப்பட்டது.